விரிசல் விட்ட ஆயில் சம்ப்பும் ஜே-பி வெல்டும்: பதினோரு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கடந்த ஆடிப்பெருக்கன்று கொல்லிமலை அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், செம்மேட்டுக்கு அருகே உறவினரின் மிளகுத் தோட்டத்துக்குச் செல்லும் மண்பாதையில், புல் மறைத்திருந்த ஒரு கல் எங்கள் காரின் அடிப்பகுதியில் பலமாக மோதியது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான, எங்கள் ஊர்ப் பட்டறைகளில் சேம்பர் என்று அழைக்கப்படும் ஆயில் சம்ப் அடி வாங்கியிருக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. உடனே இன்ஜினை நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது, வந்த தடத்தில் கறுப்பாக ஒரு கோடு நீண்டு கிடந்தது. எச்சரிக்கை விளக்குதான் எரியவில்லையே, மெல்ல மலை இறங்கிவிடலாம் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அழுத்தம் விழுந்த பிறகு எரிவது. அது எரியும் வேளையில் பேரிங்குகள் எண்ணெயின்றி உரசத் தொடங்கியிருக்கும். ஆகவே 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மீட்பு வண்டியின் முதுகில் ஏற்றியே காரை இறக்கினோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த முடிவுதான் அடிப்படை; இன்ஜின் அன்று பழுதாகியிருந்தால் ஒட்டுப்பசையைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே வந்திருக்காது.

நாமக்கல்லில் வெல்டிங்குக்குப் பஞ்சமில்லை. லாரிகளுக்குப் பாடி கட்டும் ஊர் இது. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் செய்பவர்களும் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் நான் எபாக்சியை, அதாவது இரண்டு பொருள்களைக் கலந்தால் இறுகும் ஒட்டுப்பசையை, நாடியதற்குக் காரணம் உண்டு. என் காரின் சம்ப் அலுமினிய வார்ப்பு. ஆண்டுக்கணக்கில் சூடான எண்ணெயில் ஊறிய வார்ப்பின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் இறங்கியிருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகிக் கொதித்து, பற்றில் குமிழ் குமிழாகத் துளைகளை உண்டாக்கும். சம்ப்பைக் கழற்றி, நன்றாகக் கழுவி, சூடேற்றி எண்ணெயை வெளியேற்றிய பிறகே பற்று வைப்பேன் என்று வெல்டர் அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் வண்டியில் சம்ப்பைக் கழற்ற வேண்டுமானால் முன்பக்கப் புகைக்குழாயையும் ஒரு குறுக்குச் சட்டத்தையும் இறக்கியாக வேண்டும். புதிய சம்ப் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தைக் கடக்க ஒரு வழி தேடித்தான் ஜே-பி வெல்டு என்ற எபாக்சிப் பசையை வாங்கினேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சல்பர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1969இல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு இது. ஓர் அட்டையில் இரண்டு குழாய்கள் வருகின்றன. கறுப்புக் குழாயில் எஃகுத்தூள் கலந்த பிசின், சிவப்புக் குழாயில் இறுக்கி. இரண்டையும் சம அளவில் பிழிந்து, கோடு தெரியாத ஒரே கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை குழைக்க வேண்டும். 4 முதல் 6 மணி நேரத்தில் இறுகும், 15 முதல் 24 மணி நேரத்தில் முழு வலிமை பெறும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. இழுவிசை வலிமை 5,020 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 350 கிலோ. தாங்கும் வெப்பம் 550 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 287 டிகிரி செல்சியஸ். ஓடும் காரில் இன்ஜின் எண்ணெய் பெரும்பாலும் 90 முதல் 120 டிகிரிக்குள்தான் இருக்கும் என்பதால், இந்த வெப்ப எண்ணே என்னை இதன் பக்கம் திருப்பியது. இதே நிறுவனத்தின் விரைவாக இறுகும் வகையும் கடையில் இருந்தது. இங்கே அவசரம் உதவாது என்று எண்ணி, மெதுவாக இறுகும் மூல வகையையே எடுத்தேன்.

பசை சம்ப்பில் நிற்குமா என்று ஐயுறுவோர் பலரும் ஆயில் பம்ப்பின் அழுத்தத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அந்த அழுத்தம் பம்ப்பைத் தாண்டிய பிறகு, வடிகட்டியிலும் எண்ணெய் வழிகளிலும் இருப்பது. சம்ப்போ எண்ணெய் வந்து தேங்கும் தொட்டி மட்டுமே. அதன் அடித்தளத்தின் மேல் சில அங்குல உயர எண்ணெயின் எடையும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுவின் சிறு அழுத்தமும்தான் உண்டு. அந்த வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைபட்டிருந்தால் மட்டும் அழுத்தம் ஏறி, எந்தப் பற்றையும் தள்ளப் பார்க்கும். ஒட்டுவதற்கு முன் அந்த வால்வைப் பார்த்துக்கொள்வது நல்லது. எனவே இங்கே பசைக்கு உண்மையான சோதனை வேறு இரண்டு: உலோகத்தின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம், ஒவ்வொரு நாளும் சூடாகி விரிந்து குளிர்ந்து சுருங்கும் அலுமினியத்தின் அசைவு. எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம் அலுமினியம்.

முதல் முறை நான் செய்தது பலிக்கவில்லை. எண்ணெயை வடித்தேன், துணியால் துடைத்தேன், பெட்ரோலால் ஒரு முறை கழுவினேன், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பசையைப் பூசினேன். ஆறாம் நாள் காலையில் வண்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் கறை தெரிந்தது. விரல் நகத்தால் நெம்பியதும் பற்று ஒரே தகடாகக் கையோடு வந்துவிட்டது. அந்தத் தகட்டின் உட்புறத்தைப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த பாடம். பற்றின் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தால் விரிசல் அசைகிறது என்று பொருள்; பற்று முழுதாக இருந்து, அதன் உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருந்தால், அது உலோகத்தைத் தொடவே இல்லை என்று பொருள். என்னுடையது இரண்டாம் வகை. குறை பசையில் இல்லை, என் ஆயத்தத்தில் இருந்தது.

இரண்டாம் முறைக்கு இரண்டரை நாள் ஒதுக்கினேன். காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது. வடிகால் போல்ட் இருக்கும் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வண்டியைச் சாய்த்து, போல்ட்டையும் மேலே எண்ணெய் ஊற்றும் மூடியையும் திறந்து ஓர் இரவு முழுக்க விட்டேன். எண்ணெய் வடிந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும், மேலே இன்ஜினின் உட்சுவர்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் முறை என்னை ஏமாற்றியது அதுதான்.

மறுநாள் விரிசலின் நுனிகளைத் தேடினேன். கண்ணுக்குத் தெரிந்தது 4 செ.மீ. நீளம். இடத்தை நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிக் கால்மணி நேரம் காத்திருந்தபோது, உள்ளிருந்து கசிந்த எண்ணெய் வெள்ளைப் பவுடரில் இருண்ட கோடாக எழுந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. ஒரு முனையில் முடியைப் போல மெலிந்து போயிருந்த அந்த 2 செ.மீ.யை விட்டிருந்தால், பற்றுக்கு வெளியே விரிசல் தொடர்ந்து ஓடியிருக்கும். இரண்டு நுனிகளிலும் 2 மி.மீ. துளை இட்டேன். கூரான நுனியில் குவியும் விசை வட்டமான துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் நீளாது. லாரிச் சட்டத்தில் விரிசல் கண்டால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் முதலில் செய்வதும் இதையே. உலோகத் துருவல் உள்ளே விழாமல் இருக்கத் துரப்பணத்தின் நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டேன். அதன் பின் விரிசலின் மேல் ஹேக்சா பிளேடின் உடைந்த துண்டால் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் கீறி, சுற்றிலும் 3 செ.மீ. அகலத்துக்கு 60ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு முற்றும் போகும்வரை தேய்த்தேன்.

மிகவும் பொறுமை வேண்டியிருந்தது எண்ணெயை வெளியேற்றும் வேலைக்கு. பிரேக் கிளீனரால் கழுவி, அந்த நெடி முழுவதும் அடங்கிய பின், திறந்த வெளியில், வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் உலோகத்தைச் சூடாக்கினால், சுத்தம் என்று நினைத்த பரப்பில் மறுபடியும் எண்ணெய் வியர்க்கிறது. அதைத் துடைத்து, ஆற விட்டு, அசிட்டோனால் கழுவி, மீண்டும் சூடாக்கி என்று ஐந்து சுற்று செய்தேன். ஐந்தாம் சுற்றில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. எளிதில் தீப்பற்றும் நீர்மங்களையும் சூட்டையும் ஒன்றுக்கொன்று அருகில் கொண்டுவரும் வேலை இது என்பதால், ஒவ்வொரு முறையும் புட்டியை மூடி எட்ட வைத்துவிட்டு, பரப்பு முற்றிலும் உலர்ந்த பிறகே துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

பசை குழைத்தவுடன் தேன் போல நெகிழ்வாக இருக்கும். தலைக்கு மேலே பூசும்போது வழியும். இருபது நிமிடம் பொறுத்தால் சற்றுக் கெட்டிப்பட்டு நிற்கும் பதத்துக்கு வருகிறது. முதலில் ஒரு மெல்லிய பூச்சை வாய்க்காலுக்குள் அழுத்தித் தேய்த்தேன். அதன் மேல் கண்ணாடி இழை வலைத் துண்டு ஒன்றைப் பதித்து, மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்தேன். நடுவில் 4 மி.மீ. கனம், ஓரங்களில் சரிந்து உலோகத்தோடு கரைந்து போகும்படி மெலிதாக்கினேன். மேலே பாலிதீன் தாளை வைத்து டேப் ஒட்டியதால் பற்று தொங்காமல் நின்றது. எபாக்சி சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். நைட்ரைல் கையுறையும், படுத்தபடி வேலை செய்வதால் கண்ணாடியும் கட்டாயம். உறையில் சொன்ன 24 மணி நேரத்தோடு நிற்காமல் நான் 36 மணி நேரம் விட்டேன். பிறகு அரை லிட்டர் மலிவான எண்ணெயை ஊற்றி வடிகால் வழியே வெளியேற்றி, உள்ளே துருவல் ஏதும் தங்கியிருந்தால் போகட்டும் என்று கழுவிவிட்டு, புதிய எண்ணெயும் புதிய வடிகட்டியும் போட்டேன்.

மூன்று வாரத்துக்கு என்று வைத்த பற்று இன்று பதினோரு மாதமாக நிற்கிறது. வாங்கிய சம்ப் வீட்டில் உறை பிரிக்காமல் இருக்கிறது. 9,000 கி.மீ. ஓடியிருக்கிறேன், சித்திரை வெயிலில் திருச்சிக்கும் சேலத்துக்கும் தொடர்ந்து சென்று வந்ததும் இதில் அடக்கம். முதல் மாதம் நாள்தோறும், அதன் பின் வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறேன், அளவு இறங்கவில்லை. இந்தப் பயனை வைத்துப் பார்த்தால், நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண எபாக்சியைவிடப் பல மடங்கு கூடுதலான இதன் விலை எனக்கு உறுத்தவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் நம் வீடுகளில் பிசைந்து அப்பும் பொதுப் பயன்பாட்டு எபாக்சி மாவுகள் அந்த வேலைக்கு நல்லவை. நூறு டிகிரியைத் தொடும் எண்ணெய்க்கு அவற்றை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் எல்லா விரிசலுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் விரிசல் சம்ப்பின் தட்டையான அடித்தளத்தில், எதையும் தாங்காத இடத்தில் இருந்தது. வடிகால் போல்ட்டைச் சுற்றி விரிசல் விட்டிருந்தால், ஒவ்வொரு முறை போல்ட்டை முறுக்கும்போதும் அந்த இடம் பிளக்கப் பார்க்கும். பசை அங்கே நிற்காது. பிளாக்கோடு சேரும் விளிம்பிலும் போல்ட் துளைகளிலும் விரிசல் இருந்தாலும் அப்படியே. சில கார்களில் வார்ப்புச் சம்ப், கியர் பாக்ஸோடும் போல்ட்டால் பிணைக்கப்பட்டு எடையைத் தாங்கும் உறுப்பாகவே இருக்கிறது. அந்தப் பகுதியில் ஒட்டு வேலை ஆபத்து. உலோகம் துண்டாக உடைந்து ஓட்டை விழுந்திருந்தால் சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டும். உடைந்த சில்லோ, உட்புறம் பிதுங்கி இறுகிய பசைத் துண்டோ எண்ணெய் உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைத்தால் இன்ஜின் பட்டினியில் போய்விடும். தகட்டால் ஆன சம்ப் உள்ள வண்டிக்காரர்கள் பசையைத் தேடவே தேவையில்லை. அதைக் கழற்றி ஒடுக்கு எடுத்துப் பற்றவைப்பது எந்தப் பட்டறையிலும் நடக்கும்.

காப்பீடு வைத்திருப்போர் கையில் உப்புத்தாளை எடுக்கும் முன் படம் பிடித்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். கல் அடித்த சம்ப்பை விபத்துச் சேதமாகக் கோர வழி உண்டு. எண்ணெய் ஒழுகியபடியே ஓட்டி அதனால் இன்ஜின் இறுகிப்போனால், அதைத் தொடர் சேதம் என்று சொல்லிச் சாதாரண பாலிசியில் மறுப்பார்கள்.

போன மாதம் எண்ணெய் மாற்றும்போது பற்றை முழுதாகத் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தைச் சுற்றிலும் நகத்தை ஓட்டினேன். எங்கும் நுழைய இடம் கிடைக்கவில்லை. பவுடர் தூவி அரைமணி நேரம் காத்திருந்தேன், வெள்ளையாகவே இருந்தது. வடித்த பழைய எண்ணெயை வழக்கம் போல மூடியுள்ள கேனில் ஊற்றி, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிட்டேன். ஆடிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மலை ஏறுவதற்கு முன் புதிய சம்ப்பை மாட்டிவிடலாம் என்று வெல்டர் அண்ணனிடமும் மெக்கானிக்கிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய சம்ப்பின் உட்புறத்தில் அந்த விரிசல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் எனக்கு மட்டுமல்ல, அவர்கள் இருவருக்கும் இருக்கிறது.