பெசன்ட் நகர் ஸ்பானிய, கரீபிய இலக்கிய வாசிப்பு வகுப்பு: 3,500 ரூபாய்க்குத் தகுமா?

எட்டு சனிக்கிழமை, மாலை 4 முதல் 6.30 வரை. கட்டணம் 3,500 ரூபாய், 190 பக்க ஜெராக்ஸ் தொகுப்பும் அதில் அடக்கம். இடம் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பேச்சு தமிழில், பாடங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில். விளம்பரத்தில் 'காதல், பாலினம், சமூகம்' என்று மூன்றும் போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டும் தாராளமாகவே கிடைக்கின்றன. மூன்றாவதில்தான் அங்கங்கே கோட்டை விடுகிறார்கள்.

முதல் வாரம் சுவரில் வரைபடத்தை மாட்டி ஆரம்பிப்பது நல்ல ஏற்பாடு. கியூபா, டொமினிகன் குடியரசு, புவேர்ட்டோ ரிக்கோ ஸ்பானிய மொழி பேசுபவை. ஜமைக்கா, ஆன்டிகுவா, டொமினிக்கா ஆங்கிலம். மார்த்தினிக், குவாதலூப் பிரெஞ்சு. இது பிடிபடாமல் எல்லாவற்றையும் 'லத்தீன் அமெரிக்கா' என்று ஒரே மூட்டையாகக் கட்டுபவர்கள் இங்கே நிறையப் பேர். அதே வாரத்தில் மெக்சிகோவின் கன்னியாஸ்திரி சோர் ஹுவானாவையும் முடித்துவிடுகிறார்கள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட திருச்சபைக்கு 1691இல் அவர் எழுதிய பதிலை அரை மணி நேரத்தில் கடப்பது அநியாயம். ஸ்பெயினின் லோர்கா எழுதிய பெர்னார்தா ஆல்பா நாடகத்துக்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்கியிருக்கிறார்கள். எட்டு வருஷத் துக்கம், பூட்டிய வீடு, மேடையில் ஓர் ஆண்கூட வராத நாடகம். இதை ஓட்டமாகவே முடித்திருக்கலாம், விளக்கம் அதிகம் கேட்காத பிரதி அது.

கொலம்பியாவின் மார்க்வெஸ் வாரத்துக்குத்தான் கூட்டம் கூடுகிறது. எடுத்துக்கொண்டது 1981இல் வந்த குறுநாவல்: முன்கூட்டியே ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு கொலையின் கதை. முதலிரவில் கன்னி இல்லை என்று ஆஞ்செலாவைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறான் கணவன். அவள் சாந்தியாகோ நாஸாரின் பெயரைச் சொல்கிறாள். அவளுடைய இரட்டை அண்ணன்கள் பன்றி அறுக்கும் கத்தியோடு பால்கடையில் காத்திருக்கிறார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'கொல்லப்போகிறோம்' என்று சொல்கிறார்கள். மேயர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். அவர்கள் வீட்டுக்குப் போய் வேறு கத்தி எடுத்து வருகிறார்கள். யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்று கொலைகாரர்களே காத்திருக்கிற அந்த இழுவையை வகுப்பு அருமையாகப் பிரித்துக் காட்டுகிறது.

சறுக்குவது அதற்குப் பிறகு. பத்தாவது நிமிஷமே 'இது நம்மூர் ஆணவக் கொலைதான்' என்று ஒருவர் சொல்ல, நடத்துபவரும் தலையாட்டிவிடுகிறார். நம்மூரில் கொலைக்குக் காரணம் சாதி. பெரும்பாலும் பெண் தானாகத் தேர்ந்தெடுத்த ஒருவனுக்காக நடப்பது. இந்த நாவலில் நாஸார்தான் ஆள் என்பதற்கு ஆதாரமே இல்லை. குடும்ப மானம் ஒரு பெயரைக் கேட்டது, ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். ஆஞ்செலாவுக்குப் பின்னால் என்ன ஆனது என்று பார்த்திருந்தால் வித்தியாசம் தானே புரிந்திருக்கும். தன்னைத் திருப்பி அனுப்பிய அதே கணவனுக்கு வருஷக்கணக்கில் கடிதம் எழுதுகிறாள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் கடிதங்கள். கடைசியில் அவன் வந்து நிற்கும்போது அத்தனையும் தேதிவாரியாகக் கட்டி, ஒன்றுகூடப் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறான். இதைக் காதல் என்பதா, பழக்கம் என்பதா, பழிவாங்கல் என்பதா? இந்தக் கேள்விக்கு ஒதுக்கிய நேரம் பூஜ்ஜியம்.

மெக்சிகோவின் லாரா எஸ்கிவெல் வாரத்தில் வகுப்பிலேயே காடைக் கறி உண்டு. மாதத்துக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு சமையல் என்று போகும் 1989ஆம் ஆண்டு நாவல் அது. கடைசிப் பெண் கல்யாணம் செய்யாமல் அம்மாவைச் சாகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தன் காதலன் அக்காவுக்கே புருஷனாகிவிட, அவன் கொடுத்த ரோஜாவை அரைத்து தீத்தா காடைக்குச் சாறு செய்கிறாள். செய்முறையில் 6 காடை, 12 ரோஜா, 12 செஸ்ட்நட், தேன், சோம்பு, பூண்டு, டிராகன் பழம் எல்லாம் வருகிறது. இங்கே செஸ்ட்நட்டுக்குப் பதில் முந்திரி போட்டிருந்தார்கள், பரவாயில்லை. வீட்டில் முயல்கிறவர்கள் பூக்கடை ரோஜாவை வாங்கிவிடாதீர்கள், மருந்து அடித்தது. குல்கந்துக்குப் போகும் பன்னீர் ரோஜாவை, மருந்து படாததாகக் கேட்டு வாங்குங்கள். இதழின் அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கிள்ளி எறியாவிட்டால் சாறு கசக்கும். சாப்பாடு சரி. ஆனால் அந்தக் காடையைத் தின்றதும் உடம்பு கொதித்து, குளியலறையே பற்றி எரிய, புரட்சிப்படைக்காரன் ஒருவனின் குதிரையேறிப் போகும் இன்னோர் அக்கா ஹெர்த்ரூதிஸ் பற்றிப் பேச்சே எழவில்லை. பெண்ணின் ஆசையை அந்த நாவல் துணிந்து எழுதிய இடம் அதுதான்.

தொகுப்பின் பெரிய கோளாறு அர்ஜென்டினாவின் மனுவேல் புயிக் பகுதியில் இருக்கிறது. 'கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்' என்ற 1976ஆம் ஆண்டு நாவல். ப்யூனஸ் அயர்ஸ் சிறை அறையில் கடை ஜன்னல் அலங்காரம் செய்யும் மோலினாவும், அரசியல் கைதி வலென்தினும். கதைசொல்லி என்று யாரும் இல்லை, ஏறக்குறைய எல்லாமே பேச்சு. மோலினா பழைய சினிமாக் கதை சொல்லிக்கொண்டே இருக்க, பக்கத்தின் அடியில் தன்பால் ஈர்ப்பு பற்றிய உளவியல் கோட்பாடுகள் நீள நீளமான அடிக்குறிப்பாக ஓடும். அந்தக் கடைசிக் குறிப்பில் வரும் டென்மார்க் மருத்துவர் அனெலி தௌபே நிஜ ஆளே இல்லை, புயிக் படைத்தவர். ஜெராக்ஸில் இடம் மிச்சம் பிடிக்க அடிக்குறிப்புகளை மொத்தமாக வெட்டிவிட்டார்கள். விளைவு, இரண்டு பேர் சிறையில் நெருங்கி வருகிற உருக்கமான கதையாக மட்டும் அது சுருங்கிவிடுகிறது. நிபுணர்கள் மேலிருந்து கொடுக்கும் விளக்கமும் அறைக்குள் நடப்பதும் ஒன்றோடொன்று உரசுவதுதான் அந்த நாவலே. சேருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது முழுப் புத்தகமாக வாங்கிவிடுங்கள்.

வகுப்பின் சிறந்த நாள் ஐந்தாவது வாரம். புவேர்ட்டோ ரிக்கோவின் ரொசாரியோ ஃபெர்ரே எழுதிய பொம்மைக் கதை. அத்தையின் கெண்டைக்காலை ஆற்று இறால் ஒன்று கடித்து உள்ளேயே தங்கிவிடுகிறது. குணப்படுத்தியிருக்கக்கூடிய மருத்துவர், மகன் படிப்புச் செலவுக்காக வைத்தியத்தை வருஷக்கணக்கில் இழுக்கிறார். அந்த மகன் அத்தையின் உடன்பிறந்தார் பெண்களில் கடைசியானவளைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கட்டும் என்று பால்கனியில் உட்காரவைக்கிறான். அத்தை அவளுக்குச் செய்து கொடுத்த பொம்மையின் வைரக் கண்களைத் தோண்டி எடுக்கிறான். முடிவில் கண்குழியிலிருந்து இறாலின் மீசைகள் வெறியோடு நீள்கின்றன. நொடித்த கரும்புப் பண்ணைக் குடும்பம், புதுப்பணம், கல்யாணம் மூன்றையும் நடத்துபவர் ஒரே கோட்டில் கொண்டுவந்தார். அதோடு ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கேய்டின் 1978ஆம் ஆண்டுக் குட்டிக் கதை. திங்கட்கிழமை வெள்ளைத் துணி துவை என்று தொடங்கி ஒரே வாக்கியமாக அம்மா உத்தரவு போட்டுக்கொண்டே போக, மகள் இரண்டே இடத்தில் வாய் திறக்கிறாள். அதைச் சென்னைப் பேச்சில் மாற்றிப் படிக்கவைத்தார்கள். அறை குலுங்கியது.

டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் வாரம் சுமார். அவருடைய நாவலில் முப்பதாயிரம் பவுண்டு கைக்கு வந்ததும் மனைவியின் பெயரையே மாற்றிவிடும் கணவனை வரதட்சணையோடு ஒப்பிட்டது பொருத்தம்.

எட்டாவது வாரத்துக்கு மரீஸ் கொண்டேயின் குவாதலூப் நாவல் அச்சிட்டிருக்கிறார்கள், எடுக்கவில்லை. நேரமில்லையாம். சென்னையில் நடக்கும் வகுப்பு கைவிடவே கூடாத பாடம் அது. 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, 1854 முதல் குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பங்கு தமிழர்கள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். 1989இல் வந்த அந்த நாவலில் ராம்சரண் என்றொரு இந்தியக் குடும்பம் உண்டு. பெயர் வடக்கத்தியதுபோல ஒலித்தாலும் அது அந்தத் தீவின் கதை. மகள் வில்மா, செத்துப்போன அந்நியனுக்காக, தன் இந்தியப் பாட்டியைப்போல உடன்கட்டை ஏறலாமே என்று ஏங்குகிறாள். காதல், பாலினம், சமூகம் மூன்றும் ஒரே வாயில் வரும் இடம். லோர்காவைச் சுருக்கி இதற்கு இரண்டு வாரம் தரலாம்.

அடுத்த சுற்றில் சேருவதாக இருந்தால், பணம் கட்டும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடிக்குறிப்போடு புதுத் தொகுப்பு போட்டாயிற்றா, கொண்டே வாரம் நிச்சயமா. பேருந்தில் வருவது நல்லது, சனி மாலையில் பீச் கூட்டத்தால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நூலகத்தில் முழுப் பிரதி தேடுகிறவர்கள் ஒரே அலமாரியில் எல்லாம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ட்யூயி எண் முறை மொழிவாரியாகப் பிரிப்பதால் ஸ்பானிய நாவல் 863இல், பிரெஞ்சில் எழுதிய கொண்டே 843இல் இருப்பார். ரீஸும் கின்கேய்டும் 823, 813 இரண்டில் எதிலும் இருக்கலாம்.