சிமெண்டில் கால் பங்கு நிலக்கரிச் சாம்பல்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் மின் நிலையங்களின் புகையிலிருந்து பிடித்தெடுக்கும் நுண்சாம்பலைத்தான் நம் பக்கம் ஃபிளை ஆஷ் என்று விற்கிறார்கள். ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) 53 கிரேடு சிமெண்டோடு 25 சதவீதம் இதைச் சேர்த்து வீட்டு வேலைகளில் தொடர்ந்து பயன்படுத்தியதில் எங்கள் முடிவு இதுதான்: அஸ்திவாரம், தூண், பீம், தளம் எல்லாவற்றுக்கும் நல்ல பொருள். ஆனால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வேலையில் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பெயர் சொல்லாமல் சிமெண்ட் கேட்டால் பெரும்பாலும் பிபிசி, அதாவது கலப்பு சிமெண்ட் மூட்டைதான் வரும். அதில் ஆலையிலேயே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் கலந்திருக்கும். அதன்மேல் இன்னும் கால் பங்கு போட்டால் மொத்தத்தில் பாதிவரை சாம்பலாகிவிடும். பிறகு தளம் இறுகவில்லை, உதிர்கிறது என்று சாம்பலைத் திட்டுவதில் நியாயமில்லை. மூட்டையில் ஓபிசி என்று இருந்தால் மட்டுமே வெளியிலிருந்து சேர்க்கலாம்.

இரண்டாவது, சாம்பலின் தரம். மின் நிலையத்தின் புகைத்தூசி பிடிப்பானிலிருந்து உலர்ந்தபடி வருவதுதான் வேண்டியது. தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்டுக் காயவைத்த குளச்சாம்பலை அரித்து மூட்டை கட்டி விற்பவர்களும் உண்டு. அது சிமெண்டுக்கு மாற்று ஆகாது. இரண்டு விரல்களுக்கு இடையே தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்க வேண்டும், நறநறக்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள்: கறுப்பாகப் படலம் மிதந்தால் எரியாத கரி அதிகம். அந்தக் கரி பிளாஸ்டிசைசரை (கலவையை இளக்கச் சேர்க்கும் திரவத்தை) உறிஞ்சிக்கொள்ளும், கலவை எதிர்பார்த்தபடி இளகாது. சாம்பலுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 3812-இன்படி எரிப்பு இழப்பு (மறுபடி எரித்தால் குறையும் எடை) 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லோடு வாங்கும்போது இந்தச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

அளவில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 50 கிலோ மூட்டைக்குக் கால் பங்கு என்று 12.5 கிலோ போடுவார்கள். அது சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த மொத்தத்தில் 20 சதவீதம்தான். 25 சதவீதம் வர 16.5 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். பாண்டுச் சட்டியால் அளந்தால் இன்னும் மோசம். சாம்பல் சிமெண்டைவிட லேசானது, அதே சட்டியில் எடை குறைவாகத்தான் பிடிக்கும். முதல்நாளே எடை போட்டுச் சின்னப் பைகளில் கட்டி வைத்துவிடுவது நல்லது.

எம்20 தரக் கான்கிரீட்டுக்கு ஒரு கனமீட்டரில் சிமெண்ட் 240 கிலோ, சாம்பல் 80, தண்ணீர் 160 லிட்டர், எம்-சாண்ட் 740 கிலோ, ஜல்லி 1160 கிலோ என்பதில் தொடங்கி, க்யூப் (நசுக்கிப் பலம் பார்க்கும் கான்கிரீட் கட்டி) போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 33 லிட்டர். மணலின் மேல் ஈரம் 4 சதவீதம் இருந்தால் அதிலேயே 6 லிட்டர் வந்துவிடும், கழித்துக்கொள்ளுங்கள். சாம்பல் கலவை கரண்டியில் பிசுபிசுவென்று ஒட்டும், பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும். கொத்தனார் பழக்கத்தில் "இன்னொரு குடம் விடு" என்பார். விடாதீர்கள். வைப்ரேட்டர் ஊசியை இறக்கியதும் அதே கலவை குழைந்து ஓடும். சாம்பல் துகள்கள் உருண்டை வடிவம் என்பதால் உள்ளே வழுக்கிக் கொடுக்கும்.

மிஷினில் முதலில் ஜல்லியும் பாதித் தண்ணீரும், பிறகு மணல், சிமெண்ட், சாம்பல், கடைசியில் மீதித் தண்ணீர். காலி டிரம்மில் சாம்பலைக் கொட்டினால் சுவரில் அப்பிக்கொண்டு கட்டியாகிவிடும். குறைந்தது 2 நிமிடம் சுற்ற வேண்டும். கொட்டுகிறவருக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு நுண்ணிய தூசி இது.

கோடையில் தளம் போடும்போது கவனம் தேவை. இந்தக் கலவையில் மேலே தண்ணீர் கசிவது குறைவு, இறுகுவதும் தாமதம். கரூர், சேலம் பக்கத்து மே மாத மதியக் காற்றில் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடி இன்னும் பச்சையாக இருக்கும்போதே தலைமுடி போன்ற வெடிப்புகள் ஓடும். உடனே மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டையால்) மறுபடி அழுத்தித் தேய்த்தால் மூடிவிடும். விட்டால் அப்படியே நிற்கும். மட்டம் தட்டியதும் பாலித்தீன் ஷீட் போர்த்துங்கள்.

சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பலின் சிலிகா மெதுவாகச் சேர்ந்துதான் கூடுதல் பலம் வருகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஈரம் வேண்டும். ஈரம் நின்றால் சாம்பல் வெறும் தூளாக உள்ளே கிடக்கும். கான்கிரீட்டுக்கான தரவிதி ஐஎஸ் 456 குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும் என்கிறது, 14 நாள்வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. எங்களுக்கு 14-க்குக் கீழே பேச்சே இல்லை. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துவதை எல்லோரும் செய்கிறார்கள், தூணைத்தான் மறந்துவிடுகிறார்கள். சாக்கு சுற்றி, நாளுக்கு நான்கு முறை நனையுங்கள். நனைக்காத தூணின் முனையை ஆணியால் கீறினால் மாவு மாதிரி உதிரும்.

7 நாள் க்யூப் முடிவு குறைவாகத்தான் வரும், பதறாதீர்கள். 28 நாளோடு நிறுத்தாமல் 56 நாளுக்கும் மூன்று க்யூப் வைத்திருங்கள். தளத்து முட்டுகளை 4.5 மீட்டர்வரையான அகலத்துக்கு 7 நாளில் எடுக்கலாம் என்பது சாதாரண ஓபிசி கணக்கு. இதற்கு 14 நாள் விடுகிறோம். மறுநாளே தூக்கி வைக்க வேண்டிய லிண்டல், சிலாப் வேலைக்குச் சாம்பல் வேண்டாம்.

ஆண்டுகள் போகப் போக வித்தியாசம் தெரிவது கடலோரத்தில். நன்றாக நனைத்த சாம்பல் கான்கிரீட் உப்பை எளிதில் உள்ளே விடாது. மாறாக, சரியாக நனையாத மெல்லிய சன்ஷேடுகளில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு சீக்கிரம் கம்பியை எட்டித் துரு பிடிக்க வைக்கிறது. கம்பிக்கு அடியில் இடைவெளி விடும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்த இடங்கள்தான் முதலில் பெயர்கின்றன.

சாம்பல் வரும் இடம் மாறினால் பழைய கலவை அளவை நம்ப வேண்டாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல். இறுகும் வேகமும் தண்ணீர்த் தேவையும் வேறாக இருக்கும். புது லோடு இறங்கியதும் ஒரு மூட்டைக் கலவை போட்டு, க்யூப் எடுத்த பிறகே தளத்துக்கு ஏற்றுங்கள்.