வரி அடிப்படை வகுப்பு: சம்பளச் சீட்டில் தொடங்கும் பாடம்

சிங்கப்பூரின் சமூக மன்றம் ஒன்றில் தமிழ்த் தொண்டூழியர்கள் கட்டணமின்றி நடத்தும் வரி அடிப்படை வகுப்பில் அண்மையில் கலந்துகொண்டேன். வரியைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் சட்டத்தையோ படிவத்தையோதான் முதலில் எடுத்து வைப்பார்கள். இங்கே பயிற்றுநரான ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், ஒரு சம்பளச் சீட்டையும் ஓர் உணவகப் பற்றுச்சீட்டையும் திரையில் காட்டி, “இவற்றில் எது வரி, எது வரியில்லை?” என்று கேட்டுத் தொடங்கினார். அந்தத் தொடக்கத்துக்காகவே இந்த வகுப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

திரையில் இருந்தது, மாதம் 3,000 வெள்ளி ஈட்டும் 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர் ஒருவரின் சீட்டு. அதில் ஓய்வுக்காலம் போன்றவற்றுக்கான கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு (மசேநி) 600 வெள்ளியும் இந்தியச் சமூகத்தின் சுயஉதவி அமைப்பான சிண்டாவுக்கு ஒரு சிறு தொகையும் பிடிக்கப்பட்டிருந்தன. அரங்கில் பாதிப் பேர் இரண்டையும் வரி என்றார்கள். மசேநியில் சேரும் பணம், முதலாளி தம் பங்காகப் போடும் 17 விழுக்காட்டோடு, ஊழியரின் சொந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதையும், சிண்டாவுக்குப் போவது நம் சமூகப் பிள்ளைகளின் கல்விக்கும் குடும்பங்களின் நலனுக்கும் நாம் தரும் பங்களிப்பு என்பதையும் பயிற்றுநர் பொறுமையாக விளக்கினார். அப்படியானால் வருமான வரி எங்கே என்று ஒருவர் கேட்டார். பல நாடுகளில் செய்வதுபோல இங்கே முதலாளி மாதந்தோறும் வரியைப் பிடித்து வைப்பதில்லை. சென்ற ஆண்டு ஈட்டியதற்கு இந்த ஆண்டு மதிப்பீடு செய்து உள்நாட்டு வருவாய் ஆணையம் கணக்கை அனுப்புகிறது. விரும்பினால் அதை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் கழியும் ஜைரோ வழியாக 12 தவணைகள் வரை வட்டியின்றிக் கட்டலாம்.

அடுத்து அதே ஊழியரின் வரியை வெண்பலகையில் எல்லாருமாகச் சேர்ந்து கணக்கிட்டோம். ஆண்டு வருமானம் 36,000 வெள்ளி. மசேநிக்கான நிவாரணம் (வரி கணக்கிடும் முன் கழிக்கப்படும் தொகை) 7,200, உழைத்து ஈட்டியதற்கான நிவாரணம் 1,000 ஆகியவற்றைக் கழித்தால் 27,800. முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை, மீதமுள்ள 7,800 வெள்ளிக்கு 2 விழுக்காடு. நன்கொடைக் கழிவுகளைச் சேர்க்காமலேயே ஆண்டு முழுவதற்கும் வரி 156 வெள்ளிதான். அதிகமாகச் சம்பாதிப்பவருக்கு விகிதம் படிப்படியாக ஏறி, 10 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 24 விழுக்காட்டை எட்டுகிறது. மேல்படிக்குரிய விகிதம் அந்தப் படியில் விழும் பணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், சம்பளம் கூடினால் வரியில் எல்லாம் போய்விடும் என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. வகுப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

உணவகப் பற்றுச்சீட்டுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. 50 வெள்ளி சாப்பாட்டுக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 5 வெள்ளி. அது உணவகத்துக்கு உரியது, வரியன்று. பிறகு 55 வெள்ளிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 4 வெள்ளி 95 காசு. 1994ல் 3 விழுக்காடாக அறிமுகமான இந்த வரி, 2024 தொடக்கத்திலிருந்து 9 விழுக்காடாக இருக்கிறது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை; பதிவு செய்யாத கடை இந்த வரியைத் தனியாக வசூலிக்கவும் கூடாது.

ஏன் வரி கட்டுகிறோம் என்ற கேள்விக்கு வகுப்பு போதிய நேரம் ஒதுக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தற்காப்பு, தெருவிளக்கு போன்றவற்றை ஆளுக்கு ஆள் விலை வைத்து விற்க முடியாது, பள்ளியையும் பலதுறை மருந்தகத்தையும் உண்மைச் செலவுக்கே விற்றால் பலரால் வாங்க முடியாது, ஆகவே எல்லாரும் சேர்ந்து கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் நகர்ந்துவிட்டார். யார் எவ்வளவு சுமப்பது என்பதல்லவா அடுத்து எழும் கேள்வி? சம்பளம் முழுவதையும் அன்றாடச் செலவுக்கே கொடுப்பவருக்கு, பெரும்பகுதியைச் சேமிக்க முடிந்தவரைவிடப் பொருள் சேவை வரி வருமானத்தில் கூடுதல் பங்கைத் தின்னும். அதை ஈடுகட்டத்தான், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு உதவி தரும் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டம் 2012ல் வந்தது. வருமான வரியே கட்டாதவரும் இந்த வரியைக் கட்டுகிறார் என்பதால், இது அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவரையும் தொடும் செய்தி. அரை மணி நேரமாவது இதற்குத் தந்திருக்கலாம்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவர், “ஐயா, என் பெயரில் கம்பெனி மாதாமாதம் கட்டுகிறதே, அது என் வரியா?” என்று கேட்டபோது அரங்கே திரும்பிப் பார்த்தது. “இல்லை தம்பி, அது வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு வைப்பதற்காக முதலாளி கட்ட வேண்டிய தீர்வை. அதை உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை,” என்று பயிற்றுநர் தெளிவாகச் சொன்னார். ஓர் ஆண்டில் 183 நாள்களோ அதற்கு மேலோ இங்கே வேலை செய்பவர் வரிக்கு உள்நாட்டுவாசியாகவே கருதப்படுவார் என்பதால், ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குள் இருந்தால் அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பும்போது முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே ஆணையத்துக்குத் தெரிவித்து வரிக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதும் இத்தகைய ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. அது வகுப்பில் வரவில்லை.

பேச்சு முழுவதும் நல்ல தமிழில் இருந்தும், கையில் கொடுத்த குறிப்புத் தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தக் கட்டுமான ஊழியர் தாளை மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். அவரால் அதைத் தங்கும் விடுதியில் நண்பர்களிடம் படித்துக் காட்ட முடியாது. தமிழ்த் தாள் தயாரிக்கத் தொண்டூழியர்கள் முன்வந்தால் மொழிபெயர்ப்பில் உதவ நான் ஆயத்தமாக இருப்பதாக ஏற்பாட்டாளரிடம் தெரிவித்திருக்கிறேன்.

டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களும் வீட்டில் துணைப்பாடம் நடத்துபவர்களும் இந்த வகுப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம். சுயதொழில் செய்பவர்கள் பெரும்பாலும் தம் வருமானத்தைத் தாமே கணக்கிட்டு அறிவிக்க வேண்டும்; செலவுகளைக் கழிக்கும் முறையும் வேறு. இவற்றில் எதுவும் பாடத்தில் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் மார்ச் மாதத்துக்குள் போய்விடுவது நல்லது, ஏனெனில் இணையவழி அறிவிப்புக்கு ஏப்ரல் 18 கடைசி நாள்.