கடலூரில் ஏர் கூலர் வாங்கலாமா? வெளிநாட்டுத் தன்னார்வலர் தங்கிய மாடி அறையிலிருந்து

மஞ்சக்குப்பத்தில் எங்கள் டியூஷன் மையத்துக்கு வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கு மாடியில் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறோம். மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த சுவர், சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாவம் என்று ஒரு நன்கொடையாளர் கோடை தொடங்கும் முன்பே ஏர் கூலர் வாங்கிக் கொடுத்தார். நாற்பது லிட்டர் தொட்டி, தண்ணீர் ஊறி நிற்கும் தேன்கூடு பேட், மூன்று வேகம், இன்வெர்ட்டரிலும் ஓடும். நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்ட் கட்டுக்குப் பயப்படுகிற ஊரில் இந்தக் கடைசி விஷயம் பெரிசுதான். கம்பெனி பேரைச் சொல்லவில்லை, குறை நம்ம ஊர்க் காற்றில் இருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து வந்த பெண், வயது பத்தொன்பது, வந்து இறங்கியது சரியாகக் கத்திரி நேரத்தில். காலை பத்து மணிக்கு வகுப்புக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்குத்தான் திரும்புவாள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூலர் வேலை செய்வது தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்வதால். காற்று காய்ந்திருந்தால் பத்து டிகிரிக்கு மேல்கூட இறங்கும், ஏற்கெனவே ஈரக்காற்று என்றால் மூன்று நான்கு டிகிரி இறங்குவதே அபூர்வம். கடலூரில் மே மாதம் காலையிலிருந்து மேற்குக் காற்று வறட்சியாக அடிக்கும், அப்போது கூலர் நன்றாகவே குளிர்விக்கிறது, ஆனால் அறையில் ஆள் இல்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிட்டால் வெயில் தணியும், ஈரம் ஏறும், இரவு முழுக்க அந்தப் புழுக்கம்தான். அவள் தூங்குகிற நேரத்தில் கூலர் செய்தது அறைக்குள் இன்னும் கொஞ்சம் ஈரத்தைத் தள்ளியது மட்டும்தான். மேஜையில் கிடந்த அவளுடைய நோட்டுப் புத்தகம் ஓரமெல்லாம் சுருண்டு, பேனா மை பஞ்சில் ஊறுகிற மாதிரிப் பரவியது. படுக்கை விரிப்பு தொட்டால் பிசுபிசு. "அக்கா, இது மழை பெய்கிற மெஷினா?" என்று கேட்டாள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள், அது சரியான யோசனைதான், மூடிய அறையில் கூலர் ஓட்டினால் வேர்வை காயவே காயாது. திறந்தால் கொசு. தொட்டியில் ஐஸ் கட்டி போட்டும் பார்த்தோம், கரைகிற வரைக்கும் கொஞ்சம் சில்லென்று வரும், அவ்வளவே.

இன்னொரு தலைவலி போர் தண்ணீர். எங்கள் தெருவில் உப்பு அதிகம், ஒரு மாதத்துக்குள் பேட் முழுக்க வெள்ளையாகப் பொருக்கு தட்டி, தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் வழிந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி போகிறது. தொட்டித் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது முழுசாகக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் போனது. தலைவலி, கழுத்தெல்லாம் வேர்க்குரு, பச்சைத் தண்ணீராகவே குடித்துத் தள்ளியும் சோர்வு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கலந்து கையில் கொடுத்த பிறகு தலைவலி குறைந்தது. எதிர்வீட்டு ஆயா நுங்கைத் தோலோடு பிதுக்கி அந்தத் தண்ணீரை வேர்க்குருவில் தடவிவிட்டார், முதலில் கூச்சப்பட்டவள் மறுநாள் தானே கழுத்தைக் காட்டிக்கொண்டு போய் நின்றாள். புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை மதிய வெயிலில் அலையவிடாமல் இருப்பதும் நல்ல தூக்கமும்தான் முக்கியம். அந்தத் தூக்கத்தைத்தான் இந்த கூலர் தரவில்லை.

கடைசியில் அவளைத் தூங்கவைத்தது பிஎல்டிசி மின்விசிறி, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன். பழைய ஃபேன் எழுபது வாட்டுக்கு மேல் இழுத்தது, இது அதில் பாதிகூட இல்லை, அதே இன்வெர்ட்டரில் விடிய விடிய ஓடுகிறது. கூடவே கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, கட்டிலுக்குக் கொசுவலை. மொட்டைமாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததில் கூரைச் சூடும் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஏசி போட்டிருக்கலாமே என்பார்கள். போடலாம், பில்லை யார் கட்டுவது?

மதிப்பெண் கேட்டால் கடலூருக்கு 5க்கு 2. அந்த இரண்டும் காலை நேரத்துக்கும், கரண்ட் குறைவாக இழுப்பதற்கும். கடலுக்குத் தள்ளி, காய்ந்த காற்று அடிக்கும் வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், 4 கொடுப்பேன். எங்களுடையதை விருத்தாசலத்தில் டியூஷன் நடத்துகிற ஒருவர் கேட்டிருக்கிறார், புது பேட் மாட்டி அனுப்பப் போகிறோம்.