மேட்டூர் – பூம்புகார் காவிரி ரூட்: ஓட்டுபவருக்கு மட்டும் ஆறு கிடையாது

ஆடிப்பெருக்கு நெருங்குவதால் ராயபுரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "மேட்டூர்ல இருந்து பூம்புகார் வரைக்கும் காவிரியை ஒட்டியே கார்ல போறியே, குடும்பத்தோட போலாமா?" தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி சில வருடங்களாக இந்த ரூட்டை ஓட்டி வருகிறேன். தூரம், லாட்ஜ் எல்லாம் மேப்பிலேயே கிடைக்கும். ஓட்டினால் மட்டும் தெரிவதைச் சொல்கிறேன்.

லீவு பார்த்துக் கிளம்பாதீர்கள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கிளம்புங்கள். குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் நிச்சயமில்லை. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள்; 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மேலும் சில நாள் பிடிக்கும். அதற்கு முன்னால் போனால் திருச்சிக்கு மேற்கே இருக்கும் முக்கொம்பு அணைக்குக் கீழே பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

மேட்டூர்–பவானி ரோட்டுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணை கட்டியிருப்பதால் ஆறு ஏரி மாதிரி கரை முட்ட நிற்கும். நெரிஞ்சிப்பேட்டையில் காரை நிழலில் விட்டுவிட்டு, படகில் எதிர்க்கரை பூலாம்பட்டிக்குப் போய் வாருங்கள். ஊர்க்காரர்கள் பைக்கையும் ஏற்றிக்கொண்டு சாதாரணமாக வருவார்கள். நான் எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவன். படகிலிருந்து கையை நீட்டி ஆற்றைத் தொட முடிகிறது, கையை முகர்ந்து பார்க்கத் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த ஒரு இடத்துக்காகவே முழு ரூட்டையும் மன்னிக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

கொடுமுடியில் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்காரலாம். பெருக்கு அன்று மட்டும் வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது.

அப்புறம் கரூர் தாண்டினால் என் கோபம் ஆரம்பிக்கும். மாயனூர், குளித்தலை பக்கம்தான் அகண்ட காவிரி. இந்த ஆறு இவ்வளவு அகலமாக ஓடுவது இங்கேதான். ஆனால் திருச்சி ரோட்டில் போகும்போது வாய்க்கால், வாழைத்தோப்பு, தென்னந்தோப்பு என்று நடுவில் ஏதாவது மறைத்துக்கொண்டே வரும். குளித்தலையில் திரும்பி முசிறி பாலத்தில் ஏறினால் திடீரென்று மொத்த ஆறும் கண்முன்னே விரியும். அங்கேயும் நிற்க முடியாது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே கை வைத்திருப்பார்.

ஜீயபுரத்திலிருந்து முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை வழியாகத் திருச்சிக்குள் நுழைவது இன்னும் கொடுமை. இடது பக்கம் ஆறு ரோட்டை உரசிக்கொண்டு வரும். மனைவியும் குழந்தைகளும் ஜன்னலோரம் "அங்க பாருங்க" என்பார்கள். நான் எதிரே ஓவர்டேக் செய்து வரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரோடு குறுகல், வண்டியை ஓரம் கட்ட இடமே கிடையாது. இவ்வளவு நீளக் கரையில் ஐந்து கார் நிற்கிற மாதிரி அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டிருந்தால் என்ன? ஒவ்வொரு தடவையும் இதே கேள்விதான் வருகிறது.

கல்லணையிலிருந்து பூம்புகார் போகும் மாநில நெடுஞ்சாலை 22-ல் கோபம் வேகத்தடை மேல் திரும்பும். ஊருக்கு ஊர் உண்டு, பலவற்றில் வெள்ளைக்கோடு அழிந்திருக்கும். போன வாரம்தான் முன்பக்க ஷாக் அப்சார்பரையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் மாற்றினேன். பாதிப் பழி எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போக வேண்டும் என்பது நியாயம். தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பள்ளங்களில்தான் போய்வருகிறேன். ஆனாலும் பில்லைப் பார்க்கும்போது எனக்கு இந்த ரோட்டில் வரும் கும்பகோணம்தான் ஞாபகம் வந்தது.

திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடுங்கள், சூடாக. மயிலாடுதுறைக்கு வரும்போது ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடும். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று வழியெல்லாம் பிரித்துக் கொடுத்த பிறகு மிச்சம் அவ்வளவுதான். பூம்புகாரில் பெரிய முகத்துவாரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு அது பிடிக்கும். மேட்டூரில் கடல் மாதிரி பார்த்த தண்ணீர் எங்கே போனது என்பது வழியில் பார்த்த நடவு வயலிலேயே தெரிந்துவிடும்.

சரி, நண்பருக்குப் பதில். தமிழ்நாட்டில் இதைவிட நல்ல ஆற்றோர ரூட் எனக்குத் தெரியாது. ஆனால் காரில் போகாதீர்கள், அதுவும் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எழும்பூரில் ரயில் ஏறித் திருச்சியில் இறங்கி, குளித்தலை பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். அடுத்த தடவை நானும் அப்படித்தான் போகப்போகிறேன்.