மாரிக்கு முன்னரே பொதி கட்டித் தரும் மொத்தக் கடை

எமது சனசமூக நிலையத்துக்கான இடர்கால உலர் உணவுப் பொதிகளை இம்முறை யாழ். நகரிலுள்ள ஒரு மொத்த வியாபார நிலையத்தில் முன்கூட்டியே ஒழுங்குசெய்தோம். மாரிமழை ஒக்டோபரில் தொடங்கினாலும், 2008இல் நிஷா புயலும் 2020இல் புரெவிப் புயலும் வந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படாது என்பதால், நெடுந்தீவுக்குரிய பங்கு செப்டம்பரிலேயே இறங்குதுறைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கேட்டிருந்தோம். சொன்ன நாளில் சேர்ந்தது.

பொதி கட்டிய முறை மெச்சத்தக்கது. அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா ஆகியவை தனித்தனியே சூட்டில் ஒட்டப்பட்டு, தடித்த பொலித்தீன் உறைக்குள் இடப்பட்டிருந்தன. காலாவதித் திகதி உறையின் வெளியே பெரிய எழுத்தில் இருந்ததால், முதலில் முடிவதை முதலில் எடுக்கும்படி அடுக்க முடிந்தது. பால்மாவைக் கேட்போருக்கு மட்டும் தருவதும் சரியாகவே பட்டது; விலை கூடிய பொருளை வீணாக்குவானேன்? பிரிக்காத பொதிகளைத் தைப்பொங்கலுக்குப் பின் திருப்பி எடுப்பதாக எழுதியும் தந்தார்கள்.

குறையும் உண்டு. தறப்பாள் மிக மெல்லியது. கயிறு கோக்கும் துளைகள் முதல் இழுவையிலேயே கிழிந்தன. குடிநீரைக் கிருமி நீக்கும் குளோரின் வில்லைகள் அவர்களிடம் இல்லை. வெள்ளக் காலத்தில் மலக்குழிக் கழிவு சுண்ணக்கல் நிலத்தினூடாகக் கிணற்றில் கலக்கக்கூடிய எமது ஊருக்கு அரிசியிலும் அதுவே முந்தித் தேவைப்படும் என்பதால், வேறாகத் தேடி வாங்கவேண்டியிருந்தது. விலை நியாயமானது, லொறிக் கூலி மட்டும் சற்றுக் கூட.