புள்ளைங்கள சரியா வளர்த்தது யாரு: டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாசியோட அப்பாவா, வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சிஸ்டர்ஸோட அப்பாவா?

ரெண்டு பேருமே புள்ளைங்கள டென்னிஸ் சாம்பியன் ஆக்கியே தீரணும்னு நின்னவங்கதான், ஆனா வளர்த்த விதம் வேற. மைக் அகாசி 1948, 1952 ஒலிம்பிக்ஸ்ல ஈரானுக்காக பாக்ஸிங் பண்ணவர். லாஸ் வேகாஸ் வீட்டுலயே கோர்ட் போட்டு, பந்து வீசுற மெஷின இன்னும் வேகமா வீசற மாதிரி மாத்தி வச்சு, ஒரு நாளைக்கு 2,500 பந்துன்னு ஏழு வயசுப் பையன அடிக்க விட்டாரு. ஆண்ட்ரே டென்னிஸோட பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் 8 ஜெயிச்சாரு, சரி, ஆனா டென்னிஸையே வெறுத்தேன்னு பிற்பாடு அவரே சொன்னப்போ எனக்கு மனசு கனத்துடுச்சு. ஒன்பதாம் கிளாஸோட படிப்ப விட்ட மனுஷன் 2001ல அதே ஊர்ல வசதியில்லாத புள்ளைங்களுக்காக ஸ்கூல் திறந்தாரு பாருங்க, அது சும்மா வந்த ஆசை இல்ல.

ரிச்சர்ட் வில்லியம்ஸும் கறார்தான், பொண்ணுங்க பொறக்கறதுக்கு முன்னாடியே பக்கம் பக்கமா பிளான் எழுதினவரு. ஆனா 1991ல, வீனஸுக்கு 11 வயசு, வரிசையா ஜெயிச்சிட்டு இருக்கும்போதே ஜூனியர் டோர்னமெண்ட் போதும், படிப்பப் பாருன்னு நிறுத்திட்டாரு. எந்த அப்பாவுக்கு அந்த தைரியம் வரும்? செரீனா 23 சிங்கிள்ஸ் கிராண்ட் ஸ்லாம், வீனஸ் 2025ல 45 வயசுலயும் வாஷிங்டன்ல இறங்கி சிங்கிள்ஸ் மேட்ச் ஜெயிச்சாங்க. வெறுத்துப்போன ஆள் அந்த வயசுல ராக்கெட்ட தூக்க மாட்டாங்க. என் ஓட்டு ரிச்சர்டுக்குத்தான்.